சிரட்டையில் ஊறும் சோறு

சோறு ஊறட்டும், அதற்குள் இந்தச் சாளை மீனைக் கழுவி எடுத்துவிடலாம், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் வெள்ளைச் சோறும் மஞ்சளாகத்தான் தெரியும், அம்மா அப்படித்தான் சொன்னாள், தம்பிக்குக் காமாலை வந்த வருஷம் அவனுடைய ஒண்ணுக்கை ஒரு சிரட்டையில் பிடித்து, அதில் ஒரு பிடி வெறும் சோற்றைப் போட்டு, வேலியோரமாக வைத்துவிட்டு, போங்க எல்லாரும், பாக்காதீங்க, என்று எங்களை விரட்டினாள், கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சோறு மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி இருந்தது, அன்றைக்கே கீழாநெல்லி, அன்றைக்கே உப்பில்லாத சாப்பாடு, அவன் அழுதுகொண்டே தின்றான். இன்றைக்கு என் சிரட்டை துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருக்கிறது. மேலே ஒரு ஓட்டுத்துண்டை வைத்து மூடியிருக்கிறேன், பூனை ஏதாவது வாய் வைத்துவிடக் கூடாது, பூனைக்கும் ஈரல் உண்டு. யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. சோறு மஞ்சளானால் அந்தப் பழைய சீக்கு திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். வந்துவிட்டால், நேற்றுச் சாயங்காலம் இவர் கேட்டதற்கு முடியாது என்றுதான் சொல்லணும். இவர் என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டே, சோற்றைப் பிசைந்துகொண்டே, மிருதுவுக்குத் தொணைக்கு ஒரு பிள்ள இருந்தா நல்லாத்தான் இருக்கும், ஒன் ஒடம்பு தாங்கும்னா, என்றார், நான் உடனே, நாளைக்கி மீனு வாங்கவா, என்று கேட்டேன், ஏன் அப்படிக் கேட்டேனோ, அவரும் என்னமோ நான் பதில் சொல்லிவிட்டது மாதிரி, சரி, சாளை வந்தா வாங்கு, என்றார். அந்தச் சாளைதான் இது.

சாளை நல்ல மீன். கண்ணு தெளிவாக இருக்கிறது, செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பு, காலையில் கரைக்கு வந்ததுதான். அரிவாள்மணையில் உட்கார்ந்து வாலிலிருந்து தலைப்பக்கமாக இழுத்தால் செதில் பொரிபொரியாக உதிர்கிறது, கையெல்லாம் சரிகை ஒட்டினது மாதிரி, இந்த வேலை எனக்குப் பிடிக்கும், யாரிடமும் சொன்னதில்லை. பின்பக்கத்துச் சுவரின் நிழல் என் கால்வரைக்கும் வந்துவிட்டது, உள்ளே மிருதுளா ஃபேனுக்கு நேர் கீழே பாயைவிட்டு உருண்டுபோய் வெறுந்தரையில் தூங்குகிறாள், கதவு திறந்திருப்பதால் அவளுடைய ஒரு உள்ளங்கால் மட்டும் எனக்குத் தெரிகிறது, அந்த உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டே செதில் உரசலாம், உப்புக்காற்று அடிக்கிறது, எங்கேயோ துறைமுகத்துப் பக்கம் சங்கு ஊதுகிறது, இவர் இந்நேரம் உப்பளத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருப்பார். எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அந்தச் சீக்கு உள்ளே இருந்தபோதும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லையே, மிருதுவை வயிற்றில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் மாங்காய் தின்றேன், நன்றாகத்தான் மாடிப்படி ஏறினேன், ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளையை எடுக்கணும் என்று சொல்லி ரத்தத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் நர்ஸம்மா முகம் மாறிப்போச்சு. வேறே கட்டில், வேறே பக்கம். கட்டில் கம்பியில் சிவப்பு மையால் ஒரு இங்கிலீஷ் எழுத்து எழுதிய தாளை ஒட்டினார்கள், நான் ஆறாவதோடு நிறுத்தினவள், ஆனாலும் அந்த எழுத்து எனக்குத் தெரியும், சி, உடைந்த வளையல் மாதிரி இருக்கும். ஹெபடைடிஸ் சி. அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் அந்த எழுத்துத்தான் கண்ணில் படும், பஸ்ஸில், பள்ளிக்கூடத்துச் சுவரில், சிமெண்ட் மூட்டையில், எல்லாம் என்னைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

அது போய்விட்டது. போய்விட்டது என்றுதான் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்கள். மிருது பால் மறந்த பிறகு மாத்திரை தந்தார்கள், ஒருநாள் தவறாமல் தின்றேன், தின்று முடித்து, அதற்கப்புறம் சில மாசம் சும்மா இருக்கவிட்டு, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமி இல்லம்மா, சுத்தமா இல்ல, போயி பிள்ளைய வளத்துக்கிட்டு சந்தோஷமா இரு, என்றார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை. நான் கேட்க நினைத்ததை இவர்தான் கேட்டார், திரும்ப வருமா டாக்டர். தானா வராது, வேற யாரோட ரத்தமாவது புதுசா உள்ள போனாத்தான், என்றார்கள். அத்தோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக வந்திருப்பேன். நல்ல மனுஷி, விளக்கமாகச் சொல்லணும் என்று நினைத்துவிட்டார்கள், இன்னொரு டெஸ்ட் இருக்கு, அதுல மட்டும் ஒங்களுக்கு எப்பவும் இருக்குன்னுதான் காட்டும், பயந்துராதீங்க, வாடகைக்கு இருந்தவன் காலி பண்ணிட்டுப் போனாலும் செவுத்துல ஆணி அடிச்ச ஓட்டை இருக்கும்ல, அது மாதிரி, என்றார்கள். இவர் தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு அந்த ஓட்டைதான் மனசில் நின்றுவிட்டது. ஆள் இல்லாத வீட்டில் ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது, சரி, அந்த ஓட்டை வழியாக அவன் எட்டிப் பார்த்தால்? காலி பண்ணினவன் சாவியைத் தந்துவிட்டானா, இல்லை ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு போனானா? அடுத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் அந்த டெஸ்டைத்தானே எடுப்பார்கள், டெஸ்ட் எடுக்கிற பெண் என் சுவரைப் பார்த்துவிட்டு, ஆள் இருக்கு, என்பாள், நான் வாயைத் திறந்து, இல்லக்கா, ஆளு போயிட்டான், இது வெறும் ஓட்டை, என்று சொல்லணும், நானா சொல்வேன், கடையில் பச்சைமிளகாய் குறைவாகப் போட்டால் அதைக்கூடக் கேட்கத் தெரியாதவள்.

இந்தா, இந்த மீனில் பித்தப்பை உடைந்துவிட்டது. விரலில் பச்சையும் மஞ்சளுமாக. நன்றாகக் கழுவாவிட்டால் குழம்பே கசந்துபோகும். இடது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் துணி சுற்றியிருக்கிறேன், அரிவாள்மணையில் கீறிவிடக் கூடாது என்று, முன்பெல்லாம் சுற்றமாட்டேன், இப்போது பழகிவிட்டது. எங்கே ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் முதலில் மிருது எங்கே இருக்கிறாள் என்றுதான் கண் தேடும். நகவெட்டி தனி. சேஃப்டி பின்னை யார் கேட்டாலும் தரமாட்டேன். அதெல்லாம் சரி என்றார்கள், ஆனால் டம்ளர் எதுக்கு தனியா, எச்சில்ல பரவாதும்மா, சேந்து சாப்பிட்டாப் பரவாது, முத்தம் குடுத்தாப் பரவாது, என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்கள், நான் கேட்டுக்கொண்டு வந்து, டம்ளருக்கு அடியில் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். ஜெயக்கொடி மைனிதான் அதைக் கெடுத்தார்கள். இவருடைய அக்கா, பக்கத்து வீடு, கதவைத் தட்டுகிற பழக்கமே கிடையாது. ஒருநாள் வந்தார்கள், நான் பாதி குடித்து வைத்திருந்த காப்பியை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, ஏட்டி, இதென்ன காப்பியா, சீனிய எம் தம்பி தலையில கொட்டிட்டியா, என்றார்கள். மைனிக்கு என் ஈரலில் ஏதோ கிருமி என்று மட்டும் தெரியும். ராத்திரியெல்லாம் மைனி செத்துப்போகிற மாதிரி எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது, விடிந்தால் அவர்கள் வெளியே நின்று தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையைக் கேட்ட மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு எந்தப் பாட்டைக் கேட்டும் வந்ததில்லை. அதற்கப்புறம்தான் மிருதுவை வாயோடு வாய் வைத்துக் கொஞ்சினேன். அவளுக்கு எச்சில் பட்டது பிடிக்கவில்லை, துடைத்துவிட்டு, ம்மா, வெங்காய நாத்தம், என்றாள். அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அவளிடம் ஒன்றும் இல்லை, அவள் சுவரில் ஓட்டைகூட இல்லை.

எங்கிருந்து வந்தது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பச்சை குத்தினியா, ஊசி போட்டியா, ரத்தம் ஏத்தினாங்களா. கோயில் கொடைக்குப் போனபோது ராட்டினத்துக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று முழங்கைக்குக் கீழே ஒரு தேள் குத்திக்கொண்டேன், எனக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கும் தேள், அதற்கு முன்னால் நின்றவளுக்கு அவளுடைய அப்பா பேர், எல்லாருக்கும் ஒரே ஊசிதான், ஒரே மைக்கிண்ணம்தான், வலிக்குதா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுச் சிரித்தோம். அதுவாகவும் இருக்கலாம், அதுவாக இல்லாமலும் இருக்கலாம். தேள் இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. அதன்மேல் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது. அதைத் தட்டிவிடுகிறேன், சிரட்டைப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், பார்க்கிறேன். ஓட்டுத்துண்டு வைத்தபடியே இருக்கிறது. இன்னும் ஊறட்டும். இன்றைக்குக் காலையில்தான் பார்த்தேன், கக்கூசில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் சும்மா குனிந்து பார்த்தால், மஞ்சள், சாதா மஞ்சள் இல்லை, கல்யாண வீட்டில் பந்தலுக்கு மாட்டுகிற லைட் மாதிரி ஒரு மஞ்சள். கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது, வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன், கொஞ்சம் மஞ்சள் மாதிரி இருந்தது, நாக்கை நீட்டினேன், உதட்டுக்கு உள்ளே வாய்ப்புண் இன்னும் ஆறவில்லை, மெடிக்கலில் தந்த மாத்திரையை முந்தாநாளிலிருந்து தின்கிறேன், கொஞ்சம் குறைந்திருக்கிறது. மிருது பின்னாலேயே வந்து தன் கண்ணையும் இழுத்துக்கொண்டு, எனக்கும் பாரும்மா, என்றாள். ஒனக்கு வெள்ளத்தான் தங்கம், என்றேன். அவளுக்குக் கஞ்சி ஊற்றினேன், கூட்டினேன், மீன்காரி வந்ததும் மீன் வாங்கினேன், எல்லாம் என் கைதான் செய்தது, நான் அந்த மஞ்சளிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவளைத் தூங்க வைத்த பிறகுதான் சிரட்டை ஞாபகம் வந்தது.

இந்தச் சாளைக்குள்ளே சினை. ரெண்டு பக்கமும் விரல்விரலாக, தோல்கூட உடையாமல். சினையைத் தனியாக எடுத்து வைக்கணும், பொரித்தால் மிருது சாப்பிடுவாள், குட்டிக் குட்டியா இருக்கு, என்று எண்ணப் பார்ப்பாள். இவ்வளவு சிறிய உடம்பில் இவ்வளவையும் வைத்துக்கொண்டு எப்படி நீந்திற்று. நேற்று இவர் கேட்டபோது என் வயிற்றுக்குள்ளே என்னமோ ஒன்று திரும்பிப் படுத்தது, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரியும், ஆனாலும் திரும்பிற்று, அது சரி என்று சொல்லச் சொல்லித்தான் திரும்பிற்று, எனக்கு இன்னொரு பிள்ளை வேணும், ஒரு பையனோ பொம்பளைப் பிள்ளையோ, மிருதுவை மாதிரியே தரையில் உருளுகிற ஒன்று, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் அந்தப் பழைய குடித்தனக்காரன் காதில் விழுந்துவிடும் என்கிற மாதிரி ஒரு நினைப்பு. கைக்கு அடியில் சினை வழவழவென்று இருக்கிறது.

"ஏட்டி முத்துப்பேச்சி, கதவத் தெறந்து போட்டுட்டு இங்ஙன என்ன தவமா பண்ணுத?"

மைனி. கையில் அவர்கள் வீட்டுச் சட்டி. பாதி மீன் அவர்களுக்குத்தான் என்று நான் சொல்லாமலே தெரியும்.

"சாளையா? ஒருவாட்டியாவது எம் தம்பிக்கி நெய்மீன் வாங்கிப் போடேன்ட்டி."

"அவுகதான் மைனி சாளை வாங்கச் சொன்னாக."

"கஞ்சப்பய. தண்ணி இருக்கா தொட்டியில?"

தொட்டிப் பக்கம் போகிறார்கள். போகாதீங்க என்று சொல்வதற்குள் கல்லைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிகிறார்கள், ஓட்டுத்துண்டை எடுக்கிறார்கள்.

"இதென்னது, சோறு? காக்காய்க்கி வச்சா மூடியாட்டி வைப்ப?" என்று சிரட்டையைக் கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்கள்.

"மைனி, மைனி, அதக் கீழ வைங்க! அது சோறில்ல! சோறுதான், ஆனா அது, அதுல என் இது..."

"ஒன் எது?"

மைனி என்னைப் பார்த்தார்கள், சிரட்டையைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். கையை நீட்டிச் சிரட்டையைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, தரையில் வைத்தார்கள். சோறு மஞ்சளாக இருந்தது. இங்கே உட்கார்ந்திருந்தாலே தெரிகிறது, கேசரி மாதிரி. என் கையிலிருந்த மீன் நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

"திரும்ப வந்துட்டு மைனி," என்றேன். என் குரல்தான் அது, எங்கேயோ அடுத்த வீட்டில் கேட்டது. "அந்த ஈரல் கிருமி. போயிட்டுன்னு சொன்னாக, வந்துட்டு. அவுக பிள்ள கேக்காக, நான் எப்பிடி மைனி..."

மைனி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவிக்கொண்டே, "என்ன மாத்திர திங்க இப்ப?" என்றார்கள்.

"ஈரலுக்கு ஒண்ணும் இல்ல. அதெல்லாம் முடிஞ்சு போச்சு. வாய்ப்புண்ணுக்குத்தான், மெடிக்கல்ல வாங்கினது."

"செவப்புக் கேப்சூலா? மோந்து பாத்தா கொமட்டுமே, அதா?"

"ஆமா."

மைனி துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தோள் குலுங்குகிறது, எனக்காக அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். "சத்து மாத்திரட்டி அது! பீ காம்ப்ளக்ஸு! எங்க பெரியவன் வயித்துல இருக்கையில எனக்குக் குடுத்தாகல்லா, ஒண்ணுக்குப் போனா ஃபேண்டா மாதிரி போகும், நான் அழுது அழுது, நர்ஸம்மா கேட்டுட்டு என்ன வைதா பாரு, ஏம்மா, மாத்திர கலரு எறங்குதும்மா, ஒனக்கு ஒண்ணும் இல்லம்மான்னு. நீ அதுல சோத்த வேற போட்டு ஊற வச்சிருக்க, கூட ஒரு அப்பளம் பொரிச்சு வச்சிருக்கலாம்லா!"

"நெசமாத்தானா மைனி?"

"நெசமாத்தான். நாளைக்கி அதத் திங்காம இருந்து பாரு. சரி, கேக்கேன், அந்தக் கிருமி உள்ள இருந்துச்சே, அப்ப இப்பிடி மஞ்சளாப் போச்சா ஒனக்கு?"

"இல்ல மைனி. ஒருநாளும் போனதில்ல."

சொன்ன பிறகுதான் நானே அதைக் கேட்டேன். ஒருநாளும் போனதில்லை. கண்ணு மஞ்சளானதில்லை, பசி குறைந்ததில்லை, வருஷக்கணக்காக உள்ளே இருந்திருக்கிறது, அப்போது நான் தினம் சிரட்டை சிரட்டையாகச் சோறு ஊற வைத்திருந்தாலும் அத்தனையும் மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாகத்தான் இருந்திருக்கும், நான் அதைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

"பொறவு என்னத்துக்குட்டி சோத்துக்கிட்ட போயிக் கேக்க? ரத்தத்தப் பாத்தவளே இல்லைன்னுட்டா. சோத்துக்கு என்ன தெரியும்?"

மைனி எழுந்து சிரட்டையைக் காலால் தள்ளிச் சாக்கடையில் கவிழ்த்து, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். சோறு ஓடிற்று. நான் தண்ணீருக்குள் கைவிட்டு விழுந்த மீனைத் தேடினேன், கல்லுப்பைப் போட்டு அலசினேன், ஒரு தண்ணீர், ரெண்டாவது தண்ணீர், மீன் வெளுத்து வருகிறது, மைனி பெரியவனைப் பற்றி என்னமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவன் டியூஷனுக்குப் போகாமல் பாலத்தில் போய் நிற்கிறானாம், நான் உம் கொட்டுகிறேன். பயம் போய்விட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தேன். போகவில்லை. அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் எழுந்து நிற்கவில்லை, சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு வேறே ஏதாவது மஞ்சளைப் பார்த்தால் எழுந்திருக்கும், கால் வீங்கினால் எழுந்திருக்கும், பிள்ளை உண்டானால் வாந்தி எடுக்கிறபோதெல்லாம் எழுந்திருக்கும். எழுந்திருக்கட்டும், நானும் எழுந்திருந்து டாக்டரம்மாவிடம் போய்க் கேட்பேன், வாயைத் திறந்து கேட்பேன், இப்போது மைனியிடம் சொல்லவில்லையா, சொன்னேனே, ஒண்ணுக்கைப் பற்றியே சொல்லிவிட்டேன், இதற்கு மேல் எனக்கு என்ன இருக்கிறது வெட்கப்பட. பயம் முழுக்கப் போகிறவரைக்கும் காத்திருந்தால் எனக்கு முடி நரைத்துவிடும். மைனியின் சட்டியில் மீனை எண்ணாமல் அள்ளிப் போட்டேன். உள்ளங்கால் அசைகிறது, மிருது விழிக்கப்போகிறாள்.

"மைனி."

"என்னட்டி?"

"இன்னைக்கி ராத்திரி மிருது ஒங்க வீட்டுல படுக்கட்டுமா?"

"படுக்கட்டும், அதுக்கென்ன? எதுக்கு, எங்கயும் போறிகளா?"

"இல்ல. எங்கயும் போகல."

"பொறவு எதுக்கு?"

நான் அரிவாள்மணையைத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்த்ததையே தேய்த்தேன். மைனி சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், நிற்கிறது தெரிகிறது, நான் நிமிரவில்லை, அவர்களுடைய வளையல் குலுங்கிற்று.

"அடிப்பாவி! வாயில புண்ணு, வாயே தெறக்காத பிள்ளைன்னுல்லா நெனச்சேன்! ஏ மிருதுக்குட்டி, எந்திரிளா, தலகாணிய எடுத்துக்கிட்டு அத்த வீட்டுக்கு வா, இன்னைக்கின்னு இல்ல, இந்த மாசம் பூரா அங்கயே கெட!"

"மெதுவா மைனி," என்றேன், "தெருவுக்கே கேக்கும்."

கேட்டால் கேட்கட்டும்.